மருந்துக் கை

வேல்விழி பள்ளிக்கூடத்துப் பிரேயரில் மயங்கி விழுந்த சேதி பயராபீசுக்கு வந்தபோது தாய் வீரலட்சுமி சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளை விழுந்தது காலை மணியடித்த கையோடு. சேதி வந்தது மத்தியானச் சோற்று நேரத்துக்கு. பயராபீஸ் என்கிற பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. கேட்டில் யாரோ வாட்ச்மேனிடம் சொல்லி, வாட்ச்மேன் போர்மேனிடம் சொல்லி, போர்மேன் வெயிலில் ஒவ்வொரு அறையாகத் தேடி வந்து சேரவே சூரியன் உச்சிக்கு ஏறிவிட்டது.

"பயப்பட ஒண்ணுமில்லக்கா. எந்திரிச்சு உக்காந்துருச்சாம். டீச்சர்மாரு சோடா வாங்கிக் குடுத்துருக்காக. நீ வேணா அரை நாளோட கிளம்பிக்க."

வீரலட்சுமிக்குக் கை மட்டும் பின்னிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கருப்பம்மாள்தான் சரத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். இரண்டு பேரும் எம். புதுப்பட்டியில் ஒரே தெரு. ஒரே கம்பெனி வண்டியில் வந்து போகிறவர்கள்.

"கிளம்பு லச்சுமி. இத நான் முடிச்சு வைக்கேன். காலையில பிள்ள என்னத்தத் தின்னுட்டுப் போச்சு?"

"தூக்குச்சட்டியில சோறு வச்சுட்டுத்தான் வந்தேன்."

"வச்சே சரி. தின்னுச்சா?"

வீரலட்சுமிக்குத் தெரியவில்லை. அவள் வண்டியேறும்போது பிள்ளை தலை சீவிக்கொண்டிருந்தது. அதுதான் அவள் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா வேல்விழியின் கண்ணுக்குக் கீழே இமையை இழுத்துப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. உயரம் வந்துவிட்டது, உடம்பு வரவில்லை. இமையின் உள்புறம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மா நிமிர்ந்தவள், தாயையும் ஒரு பார்வை பார்த்தாள். கிட்டே கூப்பிட்டு அவள் இமையையும் இழுத்தாள்.

"உங்களுக்கும் எடுத்துருவோம்."

பிள்ளைக்கு ரத்தம் குறைவு. தாய்க்கு அதைவிடக் குறைவு. எப்படி நடமாடுகிறீர்கள் என்று கேட்டாள் டாக்டரம்மா. வீரலட்சுமி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். நடமாடாமல் என்ன செய்ய?

"மாத்திரை தாரேன். மாத்திரை மட்டும் போதாது. வீட்டுல என்ன சமைப்பீங்க?"

"சோறு, கொளம்பு."

"தொட்டுக்க?"

"சேவு."

"கீரை, பயறு, முட்டை?"

"நாள் கிழமைன்னா செய்வோம்."

திரும்பி வரும் பஸ்ஸில் வேல்விழி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். சூலக்கரைப் பக்கமிருந்து அடித்த காற்றில் செம்மண் பறந்தது. திருத்தங்கல் தாண்டியதும் வீரலட்சுமி மெல்லச் சொன்னாள்.

"ஏ வேலு. ஒனக்குக் கம்மின்னு மட்டும் அப்பாட்டச் சொல்லுவோம். என்னையப் பத்திச் சொல்லாத."

"ஏம்மா?"

"சீசன் நேரம். அவுக நிக்கிற எடம் அப்படி. மனசு வேற எங்கயாவது ஓடுச்சுன்னா..." அதற்குமேல் அவள் சொல்லவில்லை. அந்த வட்டாரத்தில் பிறந்த பிள்ளைக்கு அதற்குமேல் சொல்லத் தேவையுமில்லை.

அவள் புருசன் சங்கிலிமுத்து வேறொரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவன். விடியக் கருக்கலில் போய்விடுவான். வெயில் ஏறிவிட்டால் மருந்து எப்போது என்ன செய்யுமென்று யாருக்கும் தெரியாது என்பதால் கலக்குகிற வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். அங்கேயே தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் கிளம்புவான். ஆனாலும் அலுமினியப் பொடி முழுசாகப் போகாது. காதுமடலில், நகக்கண்ணில், புருவத்தில் வெள்ளிப்பூச்சு மினுங்கிக்கொண்டேயிருக்கும். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு தடவை குளிப்பான். அப்படியும் அவன் சோற்றில் கை வைப்பதில்லை. கரண்டியால்தான் தின்பான். பெற்ற பிள்ளைக்குச் சின்ன வயதில்கூட அவன் ஒரு வாய் ஊட்டியதில்லை.

"மருந்துக் கை" என்பான். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சோற்றைத் தொடாதது மாதிரியே அவன் அடுப்பங்கரைக்கும் வருவதில்லை. கல்யாணமான மறு கோடையில் நடந்தது அது. கம்பெனித் தொட்டியில் தண்ணீர் இல்லை. குளிக்காமல் வீட்டுக்கு வந்தவன், காப்பி கொதிக்கும்வரை அடுப்புக்குப் பக்கத்தில் குத்தவைத்திருக்கிறான். கருவேலங்கட்டை படபடவென்று வெடித்து ஒரு பொறி அவன் கைலியில் விழுந்தது. மடிப்பில் தங்கியிருந்த மருந்து பூவாணம் மாதிரிச் சீறியது. வீரலட்சுமி வெறுங்கையால் கைலியை உருவி முற்றத்தில் எறிந்தாள். அவனுக்குத் தொடையில் கொஞ்சம் கொப்புளம். அவளுக்கு வலது மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வழன்றுபோயிற்று. இப்போது அந்த இடம் சுருங்கிய காகிதம் மாதிரிப் பளபளப்பாக இருக்கும். அந்தக் கையால்தான் அவள் தினமும் அடுப்பு மூட்டுகிறாள். அவளுக்குப் பயமில்லை. பயமெல்லாம் அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கேஸ் அடுப்பு அந்த வீட்டில் பிரிக்காத அட்டைப்பெட்டியோடு பரணில் இருந்தது. "வேல செய்யுற எடத்துலதான் அந்தப் பயம். வீட்டுக்குள்ளயும் கொண்டாந்து வைக்கணுமா?" என்று சிலிண்டரைக் கருப்பம்மாள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். வீரலட்சுமி கொல்லைச் சாய்ப்பில் விறகு வைத்துத்தான் எரித்தாள். காலையில் இருட்டோடு ஒரு தடவை பொங்குவாள். அதுதான் மூன்று வேளைக்கும். சாயங்காலம் வந்து குழம்பைச் சுட வைப்பாள். முடியாத நாளில் பஸ் ஸ்டாப்புக் கடையில் எண்ணெய்ப் புரோட்டா.

பிள்ளை விழுந்த கதையைப் பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லித்தான் கமருன்னிசா அந்தத் தெருவுக்கு வந்தாள். சிவகாசியில் ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் வேலை. வீட்டுக்காரர் சம்சு திருத்தங்கலில் பேப்பர் கட்டிங் கடை வைத்திருக்கிறார். மொபெட்டில் முன்னால் ஒரு சாக்கு, பின்னால் ஒரு அடுப்பு என்று கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். 'குடும்பத்தோடு சமைப்போம்' என்று அந்த வகுப்புக்குப் பெயர். தெருவில் வீடு வீடாக நின்று சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்துக்கு வாங்க, அண்ணன்மாரையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க.

பெண்கள் மட்டும்தான் வந்தார்கள். கிடைத்த ஒரு நாள் லீவில் துவைத்த ஈரக்கையோடு வந்து சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்கள். கமருன்னிசா அவர்களை எழுப்பவில்லை. சாக்கைப் பிரித்துக் கம்பு, பாசிப்பயறு, நிலக்கடலை, ஒரு பெரிய கட்டு முருங்கைக்கீரை எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். பயற்றை முதல் நாளே ஊறவைத்து முளைகட்டிக் கொண்டுவந்திருந்தாள். கீரையைக் கடைசியில் போட்டு எப்படி இறக்குவது, இரும்புச்சட்டியில் வதக்கினால் என்ன நல்லது, சாப்பிட்டதும் காப்பி ஏன் குடிக்கக்கூடாது, எலுமிச்சை ஏன் பிழிய வேண்டும் என்று பேசிக்கொண்டே செய்தாள். கூடம் முழுக்கக் கீரை வதங்கும் வாசம் நிறைந்தது. எல்லாருக்கும் ஒரு கிண்ணம் கிடைத்தது. ருசியாகத்தான் இருந்தது.

கருப்பம்மாள் கிண்ணத்தை வழித்துவிட்டுச் சொன்னாள். "நல்லாத்தான் இருக்கு மேடம். இந்தக் கீரைய யாரு உருவ? சீசன்ல நாங்க வீடு வந்து சேரவே பொளுது அடைஞ்சிருது. கண்ணு சொருகுது. இதுல ஒண்ணொண்ணா எல கிள்ளிட்டு உக்காரவா?"

"அதுக்குத்தானக்கா ஆம்பளையாளுகளக் கூட்டிட்டு வரச் சொன்னேன்."

எல்லாரும் சிரித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவளும் எழுந்து எதற்கென்று தெரியாமல் சிரித்தாள்.

"ஒங்க வீட்டுல அண்ணன் செய்யுதாகளா மேடம்?"

கமருன்னிசா அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்க வீட்டுல அவுக தண்ணி மோந்து குடிக்கதுக்கே என்னையக் கூப்பிடுவாக. இன்னைக்கும் பொங்கி வச்சுட்டுத்தான் வந்திருக்கேன். எங்கயாவது ஒரு வீட்டுலயாச்சும் நடக்கட்டுமேன்னு அலையுதேன், போங்க."

வீரலட்சுமி சிரிக்கவில்லை. வேல்விழியைப் பக்கத்தில் உட்கார வைத்து இன்னொரு கிண்ணம் தின்ன வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரத்தில் ஒரு மத்தியானம் கமருன்னிசா சங்கிலிமுத்துவைத் தேடி வீட்டுக்கே வந்தாள். குளித்த ஈரம் காயாமல் வாசலில் நின்றவன், நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றான்.

"வாங்கம்மா. வீட்டுல அவ இல்லையே."

"அக்கா இல்லைன்னு தெரிஞ்சுதான் வந்தேன்ணே. ஒங்களப் பாக்கத்தான். மத்தியானத்துக்கு மேல வீட்டுல இருக்கீகளாமே. பிள்ளைக்கு ஒரு கீரைய உருவி, பயற அவிச்சு வைக்கலாம்ல? அக்கா வந்து ஒத்தையில எம்புட்டுத்தான் செய்வாக?"

"செய்யக்கூடாதுன்னு இல்லம்மா." அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். நகக்கண்களில் வெள்ளி மினுங்கியது. "இது சோத்துல படலாமா? இருவது வருசமாக் கலக்குத கையி. எம் பிள்ள வயித்துக்குள்ள இதப் போகவிடச் சொல்லுதீகளா?"

"சோப்புப் போட்டு, பிரஸ் வச்சுத் தேய்ச்சுக் கழுவுனா..."

"அப்புறம் அடுப்பு. அது நமக்கு ஆகாதும்மா. வேற எந்த வேல சொன்னாலும் செய்யுதேன். தண்ணி தூக்குதேன். வெறகு வெட்டிப் போடுதேன். பத்த வைக்கிற சோலி மட்டும் வேண்டாம்."

சண்டை போடுகிற ஆளென்றால் கமருன்னிசா ஏதாவது பேசியிருப்பாள். இவன் மரியாதையாகக் கதவைச் சாத்துகிறவனாக இருந்தான். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இரண்டு படி கம்பையும் ஒரு பை பாசிப்பயற்றையும் திண்ணைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அந்தக் கம்பும் பயறும் வீரலட்சுமியின் தலையில் விழுந்தன. அவள் வழக்கத்துக்கு முன்னாலேயே எழுந்திரித்தாள். கம்பு இடித்தாள். முருங்கை மரம் வைத்திருக்கிறவர்கள் வீட்டில் போய் ஒடித்து வந்தாள். இலையை உருவிக்கொண்டே உலையைப் பார்த்தாள். பிள்ளை மாத்திரை தின்றதா, கூழ் குடித்ததா என்று நின்று பார்த்துவிட்டு ஓடிப்போய் வண்டியைப் பிடித்தாள். கம்பெனியில் தீபாவளி ஆர்டர் குவிந்துவிட்டது. லோடு லாரி கேட்டில் நிற்க, போர்மேன் பின்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்குச் சில நேரம் விரல் மரத்தது. எழுந்து நின்றால் காதுக்குள் ஏதோ இரைந்தது.

"ஒங் கண்ணக் கண்ணாடியில பாத்தியா? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் கருப்பம்மாள்.

"கீரை பிள்ளைக்கே பத்தல."

"ஒரு கட்டு அதிகமா ஒடிச்சா என்ன?"

"உருவணும்ல."

புரட்டாசியில் இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் அடுக்கியிருந்த விறகெல்லாம் ஊறிப்போயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் மிச்சத் தூறலில் வீரலட்சுமி நனைந்துகொண்டே வந்து சேலையை மாற்றாமல் அடுப்பின் முன் உட்கார்ந்தாள். ஊதினாள். புகை வந்தது. மண்ணெண்ணெய் கொஞ்சம் தெளித்து மறுபடி ஊதினாள். குப்பென்று பிடித்து அணைந்தது. சாய்ப்பு முழுக்கப் புகை. வாசற்படியில் நின்ற சங்கிலிமுத்து உள்ளே வராமல் கேட்டான்.

"பிடிக்கலையா?"

அவள் ஊதுகுழலைத் தரையில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டாள்.

"என்னால முடியல."

"சரி விடு. மள விட்டுருச்சு, நான் போயிப் புரோட்டா வாங்கியாரேன்."

வாங்கி வந்தான். வாழையிலையைப் பிரித்து வைத்தான். வேல்விழி இரண்டு வாய் தின்றாள். வீரலட்சுமி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஈரச்சேலையிலிருந்து தண்ணீர் தரையில் ஓடியது.

"எந்திரிச்சுச் சேலைய மாத்து. ஒரு வாய் தின்னு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்ன செய்யுது ஒனக்கு?"

வேல்விழி இலையை மடித்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடியிருந்தாள்.

"அப்பா. அம்மாவுக்கும் ரத்தம் கம்மி. என்னைய விடக் கம்மி. அன்னைக்கே டாக்டரம்மா சொன்னாக."

சங்கிலிமுத்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க நிக்கிற எடம் அப்படி" என்றாள் வீரலட்சுமி கண்ணைத் திறக்காமல்.

"அதுக்காவ?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீக? அடுப்பப் பத்த வச்சிருப்பீகளா?"

குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரி இருந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

வேல்விழிதான் அம்மாவை எழுப்பிச் சேலை மாற்றிப் படுக்க வைத்தாள். சங்கிலிமுத்து சாய்ப்புக்குள் போனான். நெருப்பில்லாத அடுப்புத்தான், ஆனாலும் மூன்றடி தள்ளி நின்றுதான் அதைப் பார்த்தான். ஈர விறகை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு இருந்தது; சமுதாயக்கூடத்துக்கு அவன் வந்தான். கூட்டத்தில் ஒரே ஆண் அவன்தான். கதவோரமாக உட்கார்ந்துகொண்டு, யாரும் சொல்லாமலே இன்னும் கழுவாத ஒரு கட்டுக் கீரையை இழுத்து வைத்து உருவினான். கருப்பம்மாள் வாயில் ஏதோ கேலி வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள். கமருன்னிசாவும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும்போது அவன் கிட்டே போனான்.

"அம்மா, வீட்டுல அரசாங்கம் குடுத்த அடுப்பு கிடக்கு. மாட்டத் தெரியாது. ஒரு எட்டு வந்து..."

"இந்தா வாரேன்ணே."

சிலிண்டரைக் கருப்பம்மாள் வீட்டிலிருந்து அவனே தோளில் தூக்கி வந்தான். பிள்ளையைத் தூக்குகிறவன் மாதிரி மெதுவாக நடந்தான். பரணிலிருந்து பெட்டியை இறக்கினார்கள். கமருன்னிசா வாசல் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே, காற்று வருகிற இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னாள். குழாயை மாட்டி, சோப்புநுரை தடவிக் கசிகிறதா என்று காட்டினாள். சங்கிலிமுத்துவுக்கு நெற்றியில் வேர்த்தது.

"அண்ணே, ஒண்ணு செய்வோம். பத்த வைக்கது வேலுவோட வேல. அது ஒங்களுக்கு வேண்டாம். அணைக்கது மட்டும் ஒங்க வேல. இந்தத் திருகு ஒண்ணத்தான் பாக்கணும். வேற எதையும் பாக்க வேண்டாம்."

வேல்விழி குச்சியைக் கிழித்தாள். நீலமாக வட்டம் எரிந்தது. அவன் ஒரு அடி பின்னால் போனான். வீரலட்சுமி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்; எழுந்து வரவில்லை.

"இப்பம் அணைங்க."

அவன் கையை நீட்டினான். திருகினான். நெருப்பு போய்விட்டது. ஒரு புகை இல்லை, ஒரு பொறி இல்லை.

"மறுக்காவும் பத்த வை" என்றான் மகளிடம்.

பற்ற வைத்தாள். அணைத்தான். பற்ற வைத்தாள். குறைத்துப் பார்த்தான், கூட்டிப் பார்த்தான், அணைத்தான். வேல்விழி சிரித்தாள். "கேஸ் தீந்துரும்பா." அவன் நிறுத்தவில்லை. பிழைப்புக்கு அவன் நின்ற இடத்தில் நெருப்பு வந்தால் ஓட வேண்டும். ஓடியவர்களில் எல்லாரும் வந்து சேர்ந்ததில்லை. அவன் கண்ட நெருப்பு எதுவும் அதுவரை சொன்னபடி கேட்டதில்லை.

கைக்கும் ஒரு வழி சொல்லிவிட்டுத்தான் கமருன்னிசா போனாள். நகத்தை ஒட்ட வெட்டிப் பிரஸ் போட்டுத் தேய்க்க வேண்டும்; கம்பெனிக்குப் போட்ட துணியை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது; அதற்கும் மனசு கேட்கவில்லையென்றால் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளலாம். கம்பெனித் துணி அன்றிலிருந்து கொல்லைக்கு அந்தப் பக்கத்துக் கொடியிலேயே கிடந்தது. கையில் பால் பாக்கெட் கவரை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு அவன் கீரை உருவினான். கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி ஒன்று பெட்டியிலிருந்தது. கம்பெனிப் பக்கமே போகாத துணி அது ஒன்றுதான் என்று அதைக் கட்டிக்கொண்டுதான் அடுப்புக்கு முன் நிற்பான். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "மாப்பிள்ள, என்ன விசேசம்?" என்று கேட்டார்கள். அவன் பயற்றைக் கிளறிக்கொண்டே இருப்பான்.

முதலில் எல்லாம் கெட்டுத்தான் போனது. பயறு அவியாமல் கடித்தது. கம்மங்கஞ்சி அடிப்பிடித்தது. வீரலட்சுமி வேலை முடிந்து வந்து, சட்டியைத் திறந்து பார்த்து, மறுபடி தண்ணீர் ஊற்றி வேகவைத்தாள். ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"செய்யாம இருந்தா ஒரு வேல. நீங்க செஞ்சா ரெண்டு வேல. கரிச்சட்டிய யாரு தேய்க்க?"

"தேய்ச்சு வைக்கேன். வையி."

"எப்பம்?"

அவன் அப்போதே சட்டியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். சாம்பலும் தேங்காய் நாருமாக வெகுநேரம் தேய்த்தான். பெண்கள் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற நேரம் அது. அவர்கள் முன்னால் குத்தவைத்துக் கரி தேய்ப்பது அவனுக்கு லேசாக இல்லை. அது வீரலட்சுமிக்கும் தெரியும். அவள் போய்க் கூப்பிடவில்லை.

மெல்ல ஒரு முறை பிடிபட்டது. மத்தியானம் அவன் பயற்றை ஊறப்போட்டு, கீரை உருவி, வெங்காயம் உரித்து வைப்பான். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பற்றவைப்பாள். பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டே கிளறுவார்கள். அவளுக்குக் கணக்கு டீச்சரைப் பிடிக்காது, சங்குச்சக்கரம் விடப் பயம், மேலே படித்து நர்ஸாக வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. மருந்து கலக்குகிற இடத்தில் யாரும் பேசமாட்டார்கள். பேசாமலிருந்து அவனுக்குப் பழக்கமாகியிருந்தது. அடுப்படியில் பேசலாம் என்பது அவனுக்குப் புதிதாக இருந்தது.

மறுபடி ரத்தம் பார்த்தபோது பிள்ளைக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது. தாய்க்கு அசையவில்லை. "ஒரேயடியா ஏறாதும்மா. சாப்பாட்ட விட்டுராதீங்க. கொஞ்சம் ஓய்வும் வேணும்" என்றாள் டாக்டரம்மா. அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டு வீரலட்சுமி சும்மா தலையாட்டினாள்.

தீபாவளிக்கு முந்தின கடைசி லோடு ஏறிய அன்று கம்பெனியில் யாரையும் நேரத்துக்கு விடவில்லை. பின்னி முடித்தவர்களையும் பெட்டி போட நிறுத்திக்கொண்டார்கள். விளக்கு வைத்து நேரமான பிறகுதான் வண்டி தெருமுனையில் வந்து நின்றது. வீரலட்சுமி படியேறி வந்து, கை கால் கழுவி, சுவரோரம் உட்கார்ந்தாள். வேல்விழி தட்டு வைத்தாள். குதிரைவாலிச் சோறு, முருங்கைக்கீரை போட்ட பாசிப்பயற்றுக் கடைசல், அவித்த முட்டை ஒன்று. தண்ணீர் மோந்து வர அவள் உள்ளே போய்த் திரும்புவதற்குள் அம்மா சுவரில் சாய்ந்தபடி தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் கிடந்த விரல்கள் எதையோ பின்னுகிற மாதிரி அசைந்தன.

பிள்ளை தோளைத் தொடப் போனது. சங்கிலிமுத்து வேண்டாமென்று தலையசைத்தான். தட்டை இன்னொரு தட்டால் மூடினான்.

"நாம திம்பமாப்பா?"

"பசிக்குதா?"

"கொஞ்சம்."

"நீ தின்னு. அவ எந்திரிக்கட்டும், நான் பெறகு தின்னுக்கிறேன்."

"அப்ப நானும் இருக்கேன்."

இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் பிள்ளைகள் இப்போதே வெடி போடத் தொடங்கியிருந்தார்கள். ஒரு வெடிச்சத்தத்துக்கு வீரலட்சுமி திடுக்கிட்டு விழித்தாள்.

"ஐயோ, உல வைக்கலயே." கொண்டையை முடிந்துகொண்டே எழுந்தாள். தூக்கம் தெளியாமல் தடுமாறி உள்ளே போனாள். ஜன்னலுக்குக் கீழே அடுப்பு துடைத்துக் கிடந்தது. சோற்றுச்சட்டி மூடியிருந்தது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்தியிருந்தது. செய்ய அங்கே ஒன்றுமில்லை. கையைத் தொங்கவிட்டபடி கொஞ்சநேரம் அப்படியே நின்றாள். பிறகு திரும்பி வந்து தட்டின் முன் உட்கார்ந்தாள்.

"நீங்க திங்கலையா?"

"ஒனக்காவத்தான் இருக்கோம்."

மூன்று பேரும் தின்றார்கள். வீரலட்சுமி தலையைக் குனிந்தபடி, அவசரமில்லாமல், ஒவ்வொரு வாயாகப் பிசைந்து தின்றாள். தட்டை வழித்து முடித்தபின்னும் கை கழுவ எழவில்லை. அந்த வீட்டில் எல்லாரும் தின்றபின் சட்டியில் ஒட்டியிருப்பதுதான் அவள் பங்கு. இன்னும் வேண்டும் என்று யாரிடமும் அவள் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் அவள் உட்கார்ந்ததேயில்லை.

வெறும் தட்டைப் புருசன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"இன்னுங் கொஞ்சம் வைங்க" என்றாள்.

சங்கிலிமுத்து எழுந்துபோய்ச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தான்.